முதல் கொக்கியில் உங்கள் தகடு

சார்,

இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, பலகையின் முதல் கொக்கியில் உங்கள் தகடு இன்னும் தொங்குவதைப் பார்த்தேன். கறுப்புப் பக்கம் வெளியே தெரிந்தது. அதற்கும் பக்கத்துக் கொக்கிக்கும் நடுவே ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது.

நீங்கள் இந்த விடுதியின் வார்டன் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம். இறந்து இருபது நாள். தினமும் இரண்டு முறை அந்தப் பலகை முன்னால் நிற்கிறேன். ஆனால் முதல் கொக்கியை மட்டும் பார்க்காமல்தான் இதுவரை நின்றிருக்கிறேன்.

நான் வந்த அன்றைக்கே என் பெயரை எழுதிய தகட்டை என் கையில் கொடுத்தீர்கள். வெளியே போனால் கறுப்பு, உள்ளே வந்தால் வெள்ளை. கடற்படையில் கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் வீரர்களுக்கு வைத்திருந்த முறையை, ஒரகடத்தில் கம்பெனி வேலைக்கு வந்த அறுபது பெண்களுக்கும் வைத்திருந்தீர்கள். "அவங்கவங்க தகட்டை அவங்கவங்கதான் தொடணும்" என்பது ஒன்றுதான் நீங்கள் போட்ட சட்டம்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படிப்பீர்கள். "மாரியம்மாள், உள்ளே." கம்பெனி லைனில் என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வாயைத் திறந்தால் சாத்தூர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று பேசாமலே இருந்தவள். ஒரு நாளில் என் பெயர் சத்தமாகக் கேட்டது அப்போது மட்டும்தான். அதற்காகவே ஏழு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்பேன். உங்களுக்கு அது தெரியுமா என்று தெரியாது.

சுதந்திர தினத்தன்று விடுதி ஓனர் வற்புறுத்தியதால் போர்ப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தீர்கள். என் அறையில் இருந்த ரேவதிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"சார், எத்தினி பேர சுட்டீங்க?"

"ஒருத்தரையும் இல்லம்மா. லிஸ்ட் எழுதினேன்."

"லிஸ்ட் எழுதனதுக்கா மெடலு? அப்ப எங்க சூப்பர்வைசருக்கு ஒரு மூட்டை குடுக்கணும் சார்!"

எல்லோரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள். போர் நடந்த நாட்களில் துறைமுகத்தில் உங்களுக்கு ஒரு மேசைதான். எந்தப் படகில் யார் போவது, யாருக்குக் காய்ச்சல், அவனுக்குப் பதில் யார், தண்ணீர் எத்தனை பீப்பாய், அரிசி எத்தனை மூட்டை, யார் வீட்டுக்கு என்ன தந்தி, எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தனை நாளும் ஒரு வேளைச் சாப்பாடுகூடத் தவறவில்லை என்றுதான் பதக்கம் கொடுத்தார்களாம்.

மற்றவர்கள் மிட்டாய் வாங்கப் போனார்கள். நான் கொடிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னிடம் சொன்னீர்களா, கயிற்றிடம் சொன்னீர்களா என்று இன்றைக்கும் புரியவில்லை. "ஒருத்தனை விட்டுட்டேன். கரைக்குப் போயிட்டு வந்தவங்களை எண்ணும்போது, ஒருத்தன் தன் சிநேகிதனுக்கும் சேர்த்துக் குரல் குடுத்துட்டான். அவனைத் திட்டுவாங்கன்னு பயம். நான் தலையைத் தூக்கிப் பாக்கல. எழுதிட்டேன். எல்லாரும் வந்தாச்சுன்னு தேடப் போகல."

"பெறகு?" என்றேன். நான் உங்களிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"காலையில கிடைச்சான். உயிர் இல்ல." பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும்தான் சார் நான் அதைச் செய்தேன்.

ஐப்பசி மழையில் ரோடெல்லாம் தண்ணீர். ரேவதி தன் அக்காவை ரயில் ஏற்றிவிடச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தாள். ஆறரைக்குப் போன் வந்தது. "ஏய் மாரி, ஷேர் ஆட்டோவே இல்லடி. எப்டியாச்சும் வந்துடுவேன். என்னுத வெள்ளையா திருப்பி வுட்டுடு. இல்லாங்காட்டி சார் கேட்லயே நின்னுகினு இருப்பாரு, பாவம்."

இந்த ஊரில் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்பினேன்.

ஏழு மணிக்கு "ரேவதி, உள்ளே" என்று படித்தீர்கள். நான் படிக்குக் கீழே நின்று கேட்டேன். நான்கு தகடுகள் கறுப்பாக இருந்தன. அந்த நான்கு பேருக்காக வேனை எடுத்துக்கொண்டு மழையில் நீங்களே போய், நான்கு பேரையும் கூட்டி வந்தீர்கள். ரேவதியின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது. அக்காவோடேயே போய்விட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

தண்ணீரில் பள்ளம் தெரியாமல் கால்வாயில் விழுந்து, கால் முறிந்து கிடந்தவளை விடியற்காலையில் பால்காரர் ஒருவர்தான் பார்த்தார். இப்போது வந்தவாசியில், அவள் வீட்டில் இருக்கிறாள். கோல் ஊன்றி நடக்கிறாள். தகட்டைத் திருப்பியது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன் செய்தால், "நல்லாக்கீறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாள்.

அவள் கிடைத்த அன்று ஓனர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "யாரு திருப்பனது?" என்று கத்தினார். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "அவங்களைக் கேக்காதீங்க. முகத்தைப் பாக்காம தகட்டைப் படிச்சது நான். ரெண்டாவது தடவை." எங்கள் யாரையும் பார்க்காமல்தான் சொன்னீர்கள். என்னையும் பார்க்கவில்லை. தெரிந்துதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பெட்டியோடு வந்து, உங்கள் தகட்டைக் கறுப்பாகத் திருப்பிவிட்டு, வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

இன்று கைரேகை மெஷின் மாட்ட எலக்ட்ரீஷியனோடு ஓனர் வந்தார். பலகையைக் காட்டி, "இத்த கழட்டிப் போடுப்பா. மிலிட்டரிக்காரரு கண்ணு தெரியாம எண்ணி ஒரு பொண்ணு கால ஒடச்சது போதும்" என்றார்.

"சார் தப்பா எண்ணல" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். "ரேவதி தகட்ட நாந்தேன் திருப்புனேன்."

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே இறக்கினார். பின்னால் வந்துகொண்டிருந்த பெண்களின் செருப்புச் சத்தம் நின்றது.

"இன்னாம்மா சொல்ற? இவ்ளோ நாளு வாய்ல இன்னா வச்சிக்கினு இருந்த?" என்றார் ஓனர்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. என் கை முதல் கொக்கிக்குப் போனது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களை வெள்ளையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. துப்பட்டா நுனியால் சிலந்தி நூலை மட்டும் துடைத்தேன். பிறகு என் தகட்டைக் கறுப்பாகத் திருப்பிவிட்டுப் போய் பஸ் ஏறினேன்.