வைக்கோல் கன்றைக் கவிழ்த்தவளுக்கு

செத்தும் என்னைச் சும்மா இருக்க விடாதவளே,

இன்று காலை காய்கறி வாங்கப் போன வழியில், பூஜைக்குச் சிலை செய்கிற கொட்டகை வாசலில் ஓர் எருமை கிடந்தது. வைக்கோல் எருமை. துர்க்கையின் காலடியில் விழுந்து கிடக்க வேண்டியது, இன்னும் மண் பூசவில்லை. மூங்கில் குச்சியில் கால், சணல் சுற்றிய வயிறு, முகம் என்று ஒன்று கிடையாது. மழையில் நனைந்த வைக்கோலின் வாடை மூக்கில் ஏறியது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சிலைக்காரர் தலையை நீட்டி, "மாஷிமா, கீ தேக்சேன்?" என்று கேட்டார். என்ன பார்க்கிறேன் என்று அவரிடம் எதைச் சொல்வது? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நடுத்தெருவில் நிறுத்தி வம்புக்கு இழுக்கிறாய்.

உன்னோடு எனக்கு வம்பு இல்லாத நாள் எது? தொண்ணூறுகளில் உன் வீட்டுக்காரருக்கு இங்கே வங்காளத்துத் துறைமுகத்துக்கு மாற்றலாகி, லேக் கார்டன்ஸில் எங்கள் மாடிக்குக் குடிவந்தீர்கள். என் வீட்டுக்காரர் வங்கியில் இருந்தார். நான் திருநெல்வேலிச் சைவம், நீ மதுரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை உன் அடுக்களையிலிருந்து இறங்கி வரும் மசாலா வாடைக்கு ஜன்னலைச் சாத்துவேன். வாய் நிறையத் தமிழ் பேச அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லாததால், சாத்திய ஜன்னலை நானே திறக்கவும் செய்வேன். கறி தின்கிற உனக்கும் தின்னாத எனக்கும் சண்டை என்று வந்தால், நான்தானே உனக்கு உபதேசம் செய்ய வேண்டும்? நீ எனக்குச் செய்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்னோடு லேக் மார்க்கெட்டுக்குப் போவது ஒரு தண்டனை. எனக்கு வேண்டியது வாழையிலையும் கறிவேப்பிலையும். உனக்காகக் கோழிக்கடை ஓரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். நீ கூண்டிலிருந்து கோழியை எடுத்துத் தரையில் விடச் சொல்வாய். அது நடந்தால் வாங்குவாய். பிராய்லர் பரவலாக வரத் தொடங்கிய காலம், மார்பு கனத்துக் கால் தாங்காமல் அது உட்கார்ந்துவிடும். "நடக்கத் தெரியாத கோழியை நான் திங்க மாட்டேன்" என்பாய். கடைக்காரர், "பௌதி, எட்டா கி ஃபேஷன் ஷோ?" என்பார்; அண்ணி, இதென்ன ஃபேஷன் ஷோவா என்று ஊரைக் கூட்டிச் சிரிப்பார். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கத்தரிக்காயோடு திரும்புவாய். உன் வீட்டுக்காரர் படியில் என்னை நிறுத்தி, "நீங்கதான் இவளைச் சைவமா மாத்துறீகளா?" என்று கேட்டார். நானா!

"எப்படியும் அறுக்கத்தானே போறே, அது நடந்தா என்ன, நடக்காட்டா என்ன?" என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, நாமளுந்தான் சாகப்போறோம். அதுக்காக இப்பவே கூண்டுல அடைச்சு வச்சிரலாமா?" என்றாய்.

கறிவேப்பிலை வாங்க வந்த இடத்தில் எனக்கு இது தேவையா, சொல்.

இதெல்லாம் உன் பாடு, கறி தின்கிறவர்கள் பாடு என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். என் பக்கம் பால் இருந்தது. எந்த உயிரையும் எடுக்காமல் வருவது, சாமிக்கே ஊற்றுவது. அதையும் கெடுத்தாய்.

ரயில்பாதையோரம் ராம்சுரத்தின் கட்டால் இருந்தது. ஊருக்குள்ளேயே எருமைகளைக் கட்டிக் கறக்கிற கொட்டிலுக்கு இங்கே அதுதான் பெயர். வங்காளிகள் வீட்டு வாசலில் பாலை வாங்கிக்கொள்வார்கள். நம் தமிழ் ஆட்களுக்கு மட்டும் கண் முன்னால் கறக்க வேண்டும். விடிந்ததும் தூக்குச்சட்டியோடு போய் நிற்போம். தண்ணீர் இல்லை என்று காட்ட, கறக்கும் முன் ராம்சுரத் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாக வேண்டும். பீகாரிலிருந்து வந்த மனிதர், நம்மிடம் கற்ற ஒரே தமிழ் அதுதான். "கவுத்தாச்சு, அம்மா!" என்று ராகம் போட்டுச் சொல்வார். அடுத்த தெருவில் இருந்த கும்பகோணத்து மாமி அப்போதும் நம்பாமல் சொம்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள்.

நீ கட்டாலுக்கு வந்த முதல் நாளே வினை. எல்லோரும் சொம்பைப் பார்க்க, நீ எருமை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துக் குச்சியில் நிறுத்தி வைத்தது. அது முகத்துக்கு நேரே இருந்தால்தான் தாய் பாலை இறக்கும். நம் ஊரிலும் உண்டு, நான் பார்க்காததா? நீ விறுவிறுவென்று போய் அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாய். தையல் விட்ட வயிற்றிலிருந்து வைக்கோல் கொட்டியது. எருமை கழுத்தை நீட்டி, கீழே கிடந்த வைக்கோலை மோந்து பார்த்தது. பிறகு அதையும் நக்கியது.

"சொம்பைக் கவுத்துக் கவுத்துப் பாக்குறீகளே, இதை ஒருத்தியாவது கவுத்துப் பாத்தீகளா?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாய்.

"யாருடி இவ, கார்த்தால வந்து அபசகுனமா!" என்று மாமி சட்டியை மூடிக்கொண்டாள். உன்னை மாடிக்குக் குடிவைத்ததே நான்தான் என்பதுபோல எல்லோரும் என்னை முறைத்தார்கள். அன்றிலிருந்து உன் வீட்டில் கடுங்காப்பிதான். வருகிறவர்களுக்கும் அதுவேதான். கசப்பை விழுங்கிக்கொண்டு எத்தனை சாயங்காலம் உன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்!

அதோடாவது விட்டாயா? கொஞ்ச நாளில் கொட்டிலில் வேறோர் எருமை ஈன்றது. கிடாக்கன்று. கிடா என்றால் அதன் கதி எல்லோருக்கும் தெரியும். பால் இறங்கும் மட்டும் மடியில் வாயை வைக்க விட்டு, இறங்கியதும் இழுத்து ஓரமாகக் கட்டுவார்கள். சில வாரத்தில் அது வற்றிச் சுருண்டு போகும், பிறகு வைக்கோல். இந்தக் கன்று வைக்கோலாகக் கூடாது என்று நீ ராம்சுரத்திடம் மல்லுக்கு நின்றாய். ஒரு காம்பை அதற்கு விட்டுவிடு என்றாய்.

அவர் கெட்டவர் இல்லை. "தீதி, பச்சா பியேகா, தோ ஆப் லோக் க்யா பியேங்கே?" என்றுதான் கேட்டார். குட்டி குடித்தால் நீங்கள் எதைக் குடிப்பீர்கள் என்று. இங்கே உழ நிலம் இல்லை, புல் என்று ஒன்று தானாக முளைப்பதில்லை, கிடாவை வளர்த்து நான் என்ன செய்ய என்றார். நீ நகரவில்லை. கடைசியில், உங்கள் ஆட்கள் குறைவாக வாங்கிக்கொண்டு, கோபித்து வேறு கட்டாலுக்குப் போகாமல் இருந்தால் விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஆட்களிடம் யார் போய்ச் சொல்வது? நான்! "நீ சைவம்டி, உன் வாய்க்கு மதிப்பு ஜாஸ்தி. நான் போனா, ஆட்டுக்கால் சூப்பு குடிக்கிறவளுக்கு இங்கிட்டு என்ன அக்கறைன்னு கேப்பாளுக" என்றாய். பாலை விட மனசே இல்லாத என்னை, பாலைக் குறையுங்கள் என்று வீடு வீடாக அனுப்பினாய். எங்கும் ஒரே பதில்தான். குழந்தைக்குப் பால், மாமனாருக்குத் தயிர், பூஜைக்கு அபிஷேகம். மாமி மட்டும் வாய்விட்டே சொன்னாள்: "கண்ணு முன்னாடி கறக்கறான், அது போறாதோ? எருமைக்குத் தாயார் பாசம் பாத்துண்டிருந்தா நாம தயிர் தோச்சாப்லதான்!"

எனக்கு வந்த எரிச்சலில், "கன்னுக்குப் பசிக்குதுல்லா, மாமி! நீங்க ஒருநாள் வந்து அதோட மொகத்தைப் பாருங்க, அப்புறம் தயிரைத் தோய்ங்க" என்று கத்திவிட்டு இறங்கினேன். உன் வாய் எனக்கு ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மாமி மறுநாள் வந்தாள். பார்த்தாள். அரைச் சட்டியோடு போனாள். அவள் குறைத்துக்கொண்டபின் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார்கள். கன்று பிழைத்தது. மாமி அதற்குப் பூசணித் தோல் கொண்டுவந்து போட்டு, நந்தி என்று பெயரும் வைத்தாள். எமன் ஏறுகிற வாகனத்துக்கு நந்தியா என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது வாலைத் தூக்கிக்கொண்டு சாணியில் வழுக்கி ஓடி, மாமியின் சட்டியை முட்டிக் கவிழ்த்ததே, அன்றைக்கு ராம்சுரத், "கவுத்தாச்சு, அம்மா!" என்றார். என் வீட்டுத் தயிர் நீர்த்துப் போயிருந்தது, என் வீட்டுக்காரர் தினமும் முகம் சுளித்தார். ஆனாலும் அந்தக் கன்றைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் உன்னைக் கையில் பிடிக்க முடியாது.

பிறகு கட்டால்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி உத்தரவு வந்தது. லாரிகள் வந்தன. கறவை எருமைகள் ஏறின. நந்தி ஏறவில்லை, அதற்கு முன்பே ராம்சுரத் அதை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். எங்கே என்று நான் உன்னைக் கேட்டேன். நாம் படிக்கட்டில் நின்றிருந்தோம், உன் கையில் துவைத்த துணி இருந்தது.

"எருமைக் கிடா எங்கே போகும்? கறிக்குத்தான் போகும்" என்றாய். ஏதோ பஸ் எங்கே போகும் என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

உன் வழியை மறித்து நின்றேன். "இதுக்கா என்னை வீடு வீடா அலைய விட்டே? இதுக்கா அந்த மாமி பூசணித் தோலைச் சொமந்தா? நீ பேசுதது உனக்கே நல்லாருக்கா?"

"சாகவே கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? அது ஆத்தாவை நக்குச்சு, பால் குடிச்சுச்சு, ஓடுச்சு, ஒரு மாமியை முட்டுச்சு. பிறந்ததுக்கு எருமையா இருந்துட்டுப் போச்சுல. நான் கேட்டது அம்புட்டுத்தான்."

"எனக்கு அது போதாது" என்றேன்.

"அப்ப நீ இன்னும் கேளு" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாய். உன் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததால் கோபம் இன்னும் கூடியது. எத்தனையோ நாள் உன்னோடு பேசவில்லை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளிலும்.

அதன் பிறகு எல்லோருக்கும் பாக்கெட் பால். கன்றும் இல்லை, வைக்கோலும் இல்லை, வரிசையும் இல்லை. மாமிக்குத்தான் ரொம்ப நிம்மதி, தண்ணீர் கலப்பு பற்றிப் பேச்சே கிடையாது என்றாள். நீ கடுங்காப்பியை விடவில்லை, பேச்சு திரும்பியபின் நானும் அதைக் குடிக்க மாடிக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் ஓய்வு பெற்று, நீங்கள் ஊருக்குப் போகிறோம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இங்கேயே இருந்துவிட்டீர்கள்.

கடைசியில் படுத்துவிட்டாய். எதுவும் உள்ளே இறங்காத நாட்களில், பாலாவது கொடுங்கள் என்றார் டாக்டர். நான் பாக்கெட்டோடு மாடிக்கு வந்தேன். "எங்கே கறந்தது?" என்று கேட்டாய். சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? "கடையில கறந்தது, பேசாமக் குடி" என்று அதட்டினேன். கையை நீட்டிப் பாக்கெட்டை வாங்கினாய். எலும்பாய்ப் போன கை, அது கனமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாய். உள்ளே பால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சரிந்தது, அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் காய்ச்சிக் கொடுத்ததைப் பாதி குடித்தாய், எனக்காக. மீதியை மூடி வைக்கச் சொன்னாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நான் இன்னும் பால் விட்ட காப்பிதான் குடிக்கிறேன், தெரிந்துகொள். உன்னால் அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் தினமும் காலையில், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால், கை தானாகப் பாக்கெட்டைக் கவிழ்க்கிறது. உன் புண்ணியத்தில் வந்த கிறுக்கு. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஓட்டையா?" என்கிறார். இல்லை என்கிறேன்.

கவுத்தாச்சு, அம்மா. ஒன்றும் தெரியவில்லை. ராம்சுரத்தின் கொட்டிலிலாவது எருமை எதை நக்கியது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. இன்னும் கேள் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நான் யாரிடமடி கேட்பேன்?