பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மேடை

19.3.1986, புதன்

சூசையப்பர் திருநாள். காலைப் பூசை முடிந்து நேராக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். நகராட்சியின் புதுச் சேர்மன் செங்கோட்டையன் சேலத்துக்கு ட்ரங்க் கால் கேட்டார். லைன் கிடைக்கவில்லை. காத்திருக்கிற நேரம் வீணாகக் கூடாதென்று என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டெலிபோனம்மா, நீங்க நாடகமெல்லாம் போடறீங்களாமா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை தறி ஓடாதுங்க. அந்தத் தறிக்கொட்டாய்லயே ஓரமாப் போட்டுக்கறோமுங்க."

"அடடா, கலை தறிக்கொட்டாய்ல கெடக்கலாமுங்களா? நான் ஒரு கலையரங்கம் கட்டித் தாரேனுங்க. நம்ம டவுனுக்குன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?"

அதற்குள் சேலம் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் லைன் கிடைக்காமல் இருந்திருந்தால் ஒரு நூலகமும் வாங்கியிருப்பேன்.

23.3.1986, குருத்து ஞாயிறு

நாடகக் குழுவில் சொன்னேன். யாரும் நம்பவில்லை, வேலுமணியைத் தவிர. தறிப் பட்டறை மேஸ்திரி அவர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். அவர் காதலைச் சொன்னாலும் படையெடுப்பு அறிவிப்பு மாதிரிதான் கேட்கும். அதனால் எப்போதும் ராஜா வேஷம். "நெசமான மேடைன்னா நானு தொண்டையத் தொறந்தே பேசலாமுங்க" என்றார். இதுவரை மூடிக்கொண்டுதான் பேசினாராம்!

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் இவர் ஒரே கிண்டல். லாரிப் பட்டறை வைத்திருக்கிற மனுஷருக்கு நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. "போன தடவை உங்க நாடகத்துக்கு வந்த கூட்டத்துல பாதிப் பேரு மழைக்கு ஒதுங்கினவங்க, தெரசு."

மீதிப் பாதி? அதைச் சொல்ல மாட்டார்.

2.6.1986

அடிக்கல் நாட்டு விழா. கல் நிறையப் பெயர்கள். நாடகம் போடுகிறவர்கள் பெயர் மட்டும் இல்லை. கல்லில் இடம் போதவில்லையாம்.

11.9.1986, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு, மறுபக்கம் சந்தை மைதானம், நடுவில் எங்கள் கலையரங்கம். கூரை வரைக்கும் வந்துவிட்டது. சந்தோஷமாக மைதானத்துப் பக்கம் போய் நின்றேன். எதிரே பெரிய சுவர். ஜன்னல்கூடக் கிடையாது.

சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். மேடை பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

சேர்மன் அங்கேதான் இருந்தார்.

"ஏனுங்க, மைதானம் பின்னால இல்லீங்க இருக்குது?"

"இருக்கட்டுமுங்க. முகப்புல கட்டினவங்க பேரெல்லாம் எழுதறோமில்ல? மைதானத்தப் பாத்து எழுதினா ஆரு படிக்கறது, ஆடு மாடா? பஸ்ஸுல போறவுங்க படிக்கோணுமுங்க."

"அப்ப ஜனம் எங்கீங்க உக்காரும்?"

சேர்மன் திரும்பிப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதான் பெஞ்சு போட்டிருக்குதுங்களே" என்றார்.

14.12.1986, ஞாயிறு

திறப்பு விழா. தூங்க முடியவில்லை, எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

பேச்சு, மாலை, பேச்சு, பொன்னாடை, பேச்சு. கலையைப் பாராட்டிப் பேசியே கலைக்கு நேரமில்லாமல் செய்துவிட்டார்கள். ஒருவழியாக நான் எழுதிய 'கோட்டைக் காவலன்' தொடங்கியது. பவானி பஸ் வந்ததும் பாதிப் பெஞ்சு காலி. திருச்செங்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வந்து உட்கார்ந்து, "என்ன நடக்குது? ஆரு அது?" என்று பக்கத்தில் கேட்டார்கள். பக்கத்திலிருந்தவர்களும் அப்போதுதான் வந்தவர்கள்.

கடைசிக் காட்சி. ராஜா அம்பு பட்டுக் கிடக்கிறார். வீரர்கள் தூக்குகிறார்கள். வேலுமணி தொண்டையைத் திறந்தே கேட்டார், "என்னை எங்கே கொண்டு போகிறீர்கள்?"

கீழேயிருந்து கண்டக்டர், "சங்ககிரி, குமாரபாளையம், பவானீ! ஏறு ஏறு!"

அவன் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவன் வேலையைத்தான் செய்தான். ஆனால் அந்தச் சிரிப்பு! சேர்மன் சிரிக்கிறார், பொன்னாடை போர்த்தினவர்கள் சிரிக்கிறார்கள், ராஜாவைத் தூக்கினவன் சிரித்துக் கீழே போட்டுவிட்டான்.

நாலு மாசமா எழுதினது. டூட்டி முடிஞ்சு வந்து, சோறாக்கி வெச்சுட்டு, கண்ணு எரிய எரிய எழுதினது. என்னத்துக்கு? ஊரு சிரிக்கவா? போதும். இனிமே பேனாவைத் தொட்டா என்னைக் கேளு.

இவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் அழுகையாக வந்தது.

16.12.1986

இன்று எக்ஸ்சேஞ்சில் மூன்று பேர் நம்பர் கேட்பதற்கு முன்னால் "பவானி, பவானி" என்றார்கள். மூன்று பேருக்கும் ராங் நம்பர் கொடுத்தேன்.

20.12.1986, சனி

பஸ் ஸ்டாண்டு வழியே தலையைக் குனிந்துகொண்டு போனேன். பூ விற்கிற குப்பாயி கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அம்முணி, அந்த ராசா கடைசில என்ன ஆனாருங்க?"

"செத்துட்டாரு."

"அய்யய்யோ! நானு அவருக்குக் கண்ணாலம் பண்ணி வெச்சுட்டனே!"

விஷயம் இதுதான். அன்றைக்குப் பாதியில் பஸ் ஏறிப் போனவர்கள் மறுநாள் வந்து இறங்கியதும் இவளிடம் மீதிக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். இவளும் வியாபாரத்துக்கு நடுவே அரைகுறையாகப் பார்த்தவள். பவானிக்காரர்களிடம் ராஜாவுக்குக் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறாள். எடப்பாடிப் பெண் ஒருத்தி கேட்டதற்கு, பிழைத்து மகனோடு சேர்ந்துவிட்டார் என்றிருக்கிறாள்.

"பாதியில போனவுங்க, பாவம், என்னமோ ஒண்ணு சொல்லோணுமில்லீங்க? செரி, இனிமே செத்துட்டாருன்னே சொல்லிப்போடறேன்."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே யோசனை. சிரித்தார்கள், சரி. ஆனால் மறுநாள் வந்து முடிவு கேட்டிருக்கிறார்களே! தறிக்கொட்டாயில் யார் கேட்டார்கள்? பஸ் நிற்காது. அப்படியானால் நாடகம்தானே சின்னதாக வேண்டும்? ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்குள், ஒரு டீ குடிக்கிற நேரத்தில், ஆரம்பித்து முடித்துவிட்டால்?

பேனாவைத் தொட்டுவிட்டேன். யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

3.1.1987, சனி

சந்தை நாள் சாயங்காலம். முதல் குட்டி நாடகம் — மாமியாரும் மருமகளும் ஒரே குடைக்குச் சண்டை போடுகிறார்கள், மழை வரவே இல்லை. திருச்செங்கோடு பஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒருவரும் பாதியில் எழவில்லை!

வேலுமணி நடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார். "டீ குடிக்கற நேரத்துல ஒரு ராசா எப்படிங்க வாழ்ந்து சாவறது? எனக்கு மூச்சு இழுக்கவே அத்தன நேரம் வேணுமுங்க."

வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் குரல் இல்லாமல் மேடை ஒல்லியாகிவிட்டது.

18.1.1987, ஞாயிறு

சிரிப்பதா, போய் மன்னிப்புக் கேட்பதா?

நேற்றுச் சந்தையில் நாடகம் பார்த்தவர்கள் குப்பாயியிடம், "எங்க வேலுமணியக் காணோம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நான் சொன்னதை மறக்காமல், "அந்த ராசா அன்னைக்கே செத்துட்டாருங்களே" என்றிருக்கிறாள். செய்தி பஸ் ஏறிக் குமாரபாளையம் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் வேலுமணியின் தாய்மாமன் குடும்பம். இன்று விடிந்ததும் மாலையோடு வந்து வாசலில் விழுந்து அழுதிருக்கிறார்கள். வேலுமணி பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தாராம். மாமா மயங்கி விழுந்துவிட்டாராம்.

24.1.1987, சனி

வேலுமணி வந்தார். யாரோடும் பேசவில்லை. நேரே மேடை ஏறி, பஸ் ஸ்டாண்டு முழுக்க அதிரும்படி, "நானு உசுரோடதான் இருக்கறேன்!" என்றார்.

என் நாடகங்களில் இதுவரை எந்த வசனத்துக்கும் இப்படிக் கைதட்டு விழுந்ததில்லை. நான் எழுதாத வசனம்.

அந்தக் கைதட்டலோடு மனுஷர் குட்டி நாடகத்துக்கு மாறிவிட்டார்.

17.3.1987, செவ்வாய்

பஸ் முதலாளிகள் நகராட்சியில் புகார் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஜனம் பஸ்ஸை விட்டுவிட்டு நாடகம் பார்க்கிறதாம், வண்டி காலியாகப் போகிறதாம். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கண்ணுசாமி பிடித்துக்கொண்டார். கலையரங்கத்தை மூடி, பிளீச்சிங் பவுடரும் டியூப் லைட்டும் வைக்கிற கிடங்காக்கிவிடலாம் என்று தீர்மானம் வருகிறது. ஏப்ரல் கூட்டத்தில் முடிவு.

சேர்மனே போனில் கூப்பிட்டார். "என்னங்க பண்றது, ரெண்டு பக்கமும் இடிக்குது. கொஞ்ச நாளைக்கு மறுக்காவும் தறிக்கொட்டாய்லயே..."

"லைன் செரியில்லீங்க" என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. கட்டித் தாரேன்னு சொன்னது ஆரு? நானா கேட்டேன்?

11.4.1987, சனி

கடைசி நாடகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதில் இருந்ததை எழுதினேன்.

ஒரு பெரிய மனிதர் வீடு கட்டுகிறார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தன் பெயரைப் படிக்க வேண்டுமென்று தெருப்பக்கச் சுவர் முழுக்க அதை எழுதி, வாசலைப் பின்பக்கம் திருப்பி வைக்கிறார். வாசற்கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை. புதுமனை விருந்துக்கு வந்தவர்கள் அங்கேயே இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். பெரிய மனிதர் வேலுமணிதான். மாட்டுக்கு வாழைப்பழம் கொடுத்து "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார் பாருங்கள், ஒரு கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

மறைவிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் மாட்டிக்கொண்ட கார் ஒன்று. உள்ளே சேர்மன். டீக்கடை வாசலில் கண்ணுசாமி. ஆண்டவரே, இரண்டு பேரும் ஒரே நாளிலா?

13.4.1987, திங்கள்

காலையில் முதல் கால் சேர்மன் வீட்டிலிருந்து.

"டெலிபோனம்மா, கண்ணுசாமியக் கிழிச்சுப்போட்டீங்களே! புது ரைஸ் மில்லுக்கு வாசலச் சாக்கடையப் பாத்து வெச்சவனில்ல அவன்? நல்லா வேணுமுங்க அவனுக்கு!"

நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கால் கண்ணுசாமி. "அம்மா, சேர்மன இத்தன தைரியமா ஆரும் கேட்டதில்லீங்க. எங்க ஆதரவு உங்களுக்குத்தான்."

அப்போதும் திறக்கவில்லை. ஆபரேட்டர் வேலையில் இது ஒரு பழக்கம்.

சாயங்காலம் நகராட்சிக் கூட்டம். கலையரங்கம் கலையரங்கமாகவே இருக்கலாம் — எதிர்ப்பே இல்லை. மேடையைத் திருப்ப முடியாது என்பதால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளை மேடையைப் பார்த்துத் திருப்பிப் போடவும் தீர்மானம். மைக் ஒன்று வாங்கித் தருவார்கள். பஸ் புறப்படுவதை மேடையிலிருந்தே அறிவிக்க வேண்டும், அது முதலாளிகளுக்காக.

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கண்ணுசாமிக்கே புரிஞ்சுபோச்சு, சேர்மனுக்கு மட்டுமா உண்மை புரியல?"

9.5.1987, சனி

மைக் வந்துவிட்டது. வேலுமணிக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் விடுவதாயில்லை. ராஜா வேஷத்தில் கிரீடத்தோடு, "சங்ககிரி செல்லும் குடிமக்களே, உங்கள் ரதம் புறப்படுகிறது!" என்கிறார். ஜனம் கும்பிட்டுவிட்டு ஏறுகிறது.

மதியம் சேர்மன் சேலத்துக்குக் கால் போட்டார். லைன் கிடைக்கவில்லை. வழக்கம்போலப் பேச்சு. மழை, தறி, மகளுக்கு வரன். பிறகு, "ஏனுங்கம்மா, அந்த வீடு திருப்பிக் கட்டினவரு... மாட்டுக்கொட்டாய்லயே போட்டாலும் சோறு நல்லாத்தான இருந்துச்சு? அத ஒரு வார்த்த சேத்திருக்கலாமுங்க."

"சேத்துக்கறேனுங்க" என்றேன்.

சேலம் கிடைத்துவிட்டது. எவ்வளவு பெரிய நடிகர்! எங்கள் குழுவில் இல்லாமல் போய்விட்டாரே.

5.9.1987, சனி

இன்று அப்பா-மகன் நாடகம். முறைத்துக்கொண்டு போன மகன் ஊர் திரும்பி, அப்பா முன்னால் நிற்கிற கடைசிக் காட்சி. பவானி பஸ் வந்து நின்றது. வேலுமணி அறிவிப்புக்கு மைக்கை எடுத்தார். டிரைவர் கையைக் காட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டு, என்ஜினை அணைத்தார். பின்னால் நின்ற திருச்செங்கோடு வண்டியும் அணைந்தது.

பஸ் ஸ்டாண்டில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. வேலுமணியும் கேட்டதில்லை போலிருக்கிறது. சத்தத்துக்கு மேலேயே பேசிப் பழகிய மனுஷர், வசனத்தை மறந்து நின்றுவிட்டார். மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்க நான் தாளைத் தேடுவதற்குள் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல், மெதுவாக:

"சாப்புட்டயா சாமீன்னு கேளுங்க."

வேலுமணி கேட்டார். முதல்முறையாகக் கத்தாமல் கேட்டார்.

நான் எழுதியிருந்தது வேறு, கொஞ்சம் நீளம். அதை அடித்துவிட்டேன்.