டார்ச் அடித்துப் பார்த்த திரை

என் தாஸ் அண்ணனுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். அன்பாக எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன், வரவில்லை.

நீ போய் நாற்பத்தொரு நாளாகிறது. கும்மிடிப்பூண்டி மில்லில் கிரேன் கொக்கி உச்சியில் மோதி, ரோப் அறுந்து, பாரம் உன்மேல் விழுந்தது. உச்சிக்கு வந்ததும் கிரேனைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனான நீதான் யாரையும் கேட்காமல் ஒயரை மாற்றிவிட்டாய் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே மேனேஜர்தான் வீட்டுக்கு வந்து உன் போட்டோவுக்கு மாலை போட்டார். போட்டுவிட்டு, "அவரு லேப்டாப் இருந்தா குடுத்துடும்மா, கம்பெனி விஷயமெல்லாம் இருக்கும்" என்றார். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அது என்ன கம்பெனி லேப்டாப்பா? நீ செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிழட்டுப் பெட்டி. மில்லின் பழைய கன்ட்ரோல் பேனல் புது லேப்டாப்போடு ஒத்துப்போகாது என்று தினமும் அதைத் தூக்கிக்கொண்டு போவாய். ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்குப் பார்த்த ரிப்பேரை அதில் எழுதி வைப்பாய். வரும் திங்கட்கிழமை விசாரணை. எனக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

திறந்தால் திரை கருப்பு. பொன்னேரியில் லேப்டாப் ரிப்பேர் கடைக்காரர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"போர்டு பூட்ச்சும்மா. இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? எடைக்குப் போடு."

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். போர்டு போயிருந்தால் ஆன் செய்ததும் வரும் அந்த மணிச்சத்தம் எப்படி வரும்?

நீதானே சொல்வாய், "கருப்பா கீதுன்னு செத்துட்ச்சுன்னு முடிவு கட்டாத, டார்ச் அடிச்சிப் பாரு" என்று. ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். அண்ணி சிரிக்கும் படம் மங்கலாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. டிவியோடு ஒயர் மாட்டினேன், அதிலும் ஒன்றும் வரவில்லை. நான் கத்திய கத்தலில் அண்ணி எழுந்து வந்தாள்.

"மேரி, அந்த நீல எழுத்து பட்டனையும் டிவி படம் போட்ட பட்டனையும் சேத்து அமுக்கு. அவரு அப்டித்தான் பண்ணுவாரு."

டிவியில் உன் குறிப்பு வந்தது. 'கிரேன் சுவிட்ச் போச்சு. மூணு தடவை புதுசு கேட்டேன். ஷிப்ட் நிக்கக்கூடாது, ஓட்டுன்னு மேனேஜர் சொன்னார்.' கைதட்டப் போனேன். கீழே இன்னொரு வரி. 'ஒயர் போட்டு சுவிட்ச்சைத் தாண்டி இணைச்சிட்டேன்.'

ஏன் அண்ணா போட்டாய்? "எல்லா மில்லுலயும் இப்டித்தான் ஓட்றாங்க" என்பாய், தெரியும். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? போட்டதும் போட்டாய், அதற்குக் கீழேயே போய் ஏன் நின்றாய்?

"அந்தக் கடைசி வரிய மட்டும் அழிச்சிடலாமா?" என்று அண்ணி கேட்டாள். என் விரலும் அங்கே போனது. அழிக்கவில்லை. நீ செய்ததை மறைத்தால், மேனேஜர் ஓட்டச் சொன்னதை யார் நம்புவார்கள்?

திங்கட்கிழமை விசாரணைக்குப் பெட்டியோடு போவேன். அங்கே டிவி இல்லை என்றால் டார்ச் அடித்தே வாசிப்பேன். மேனேஜர் முகத்துக்கு நேராக, சத்தமாக, உன் வரியையும் விடாமல் வாசிப்பேன்.

உன்மேல் இன்னும் கோபம் ஆறாத தங்கச்சி,
மேரி