ஒன்றரை அங்குலக் கட்டம்

திண்டிவனம், 3 செப்டம்பர் 1942

எங்கள் கல்லூரி வரலாற்றில் நிலைத்து நிற்கப்போகும் முடிவு ஒன்று இன்று எடுக்கப்பட்டது. சர்வகலாசாலைக் கைந்நூலில் ஒவ்வோர் ஆசிரியரின் ஆராய்ச்சிப் பொருளையும் எழுதும் கட்டம் ஒன்றரை அங்குல அகலம் இருக்கும். மூன்று மணி நேர விவாதம். தத்துவப் பேராசிரியர் இரண்டு அங்குலம் கேட்டார். ஆன்மா ஒன்றரை அங்குலத்தில் அடங்காதாம். கணிதக்காரருக்கு அரை அங்குலமே அதிகம். சரித்திரக்காரர் சோழர்களைக் கைவிட்டுப் பல்லவர்களோடு நிறுத்திக்கொள்ள இணங்கிய பிறகே சமரசம் ஏற்பட்டது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்து, திண்டிவனத்தில் மூடிக்கிடந்த எண்ணெய் மில்லில் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். பிண்ணாக்கு வாடை இன்னும் போகவில்லை.

எழுந்து போகும் நேரத்தில் இன்னொரு தீர்மானம். ஓர் இலாகாவில் ஒரு பொருளுக்கு ஒரே ஆசிரியர் பெயர். மூப்பு வரிசைப்படி நிரப்ப வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

தாவர சாஸ்திரத்தில் நான் தற்காலிக விரிவுரையாளன். கைந்நூலில் சொந்த ஆராய்ச்சி ஏறினால்தான் மார்ச்சுக்குப் பிறகு வேலை. 'நிலக்கடலை இலைப்புள்ளி நோய்.' முகையூரில் பிறந்த எனக்கு அது மல்லாட்டை, கைந்நூலுக்கு நிலக்கடலை. எழுதி அளந்து பார்த்தேன். அடங்குகிறது.

5 செப்டம்பர், சனி

வழக்கம்போல் விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து கோலியனூருக்கு நடை. மூன்றாவது வருடமாக வெள்ளையம்மாளின் வயலில்தான் என் வேலை. எந்தச் செடியில், எந்த இலையில், எத்தனை புள்ளி என்று எண்ணுகிறேன். களையெடுக்கும் முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சவுரி வாத்தியாரே, போன வாரம் எண்ண இலையெல்லாம் அங்கயேதான் கீதா, இல்ல ஓடிப்பூடுச்சா?"

இருநூற்றுப் பதினேழு இலைகளில் புள்ளி. நல்ல அறுவடை. எனக்கு.

8 செப்டம்பர்

பட்டியல் எங்கள் இலாகாவுக்கு வந்தது. இலாகாத் தலைவர் சீனுவாசன் இருபது வருடமாகக் கடற்பாசிக்காரர். சென்னைக் கடற்கரையில் இப்போது ராணுவம் முள்கம்பி போட்டிருக்கிறது; திண்டிவனத்தில் கடல் கிடையாது. ஆகவே மூப்பு வரிசைப்படி முதலில் பேனாவைத் திறந்து எழுதினார்: 'நிலக்கடலை இலைப்புள்ளி நோய்.' அவர் நிலக்கடலையைப் பார்த்தது வறுத்த பிறகுதான்.

"சார், அது நான் மூணு வருஷமா..."

"தெரியும் சவுரிராயன். அதனாலதான் நல்ல சப்ஜெக்ட்னு எனக்குத் தோணிச்சு. ஒரு பொருளுக்கு ஒரு பேருன்னு தீர்மானம், நீங்களும் இருந்தீங்களே? கடற்பாசி காலியா இருக்கு, எடுத்துக்குங்க. கடல் எங்கயும் போயிடாது."

எடுத்துக்கொண்டேன். என் கையாலேயே எழுதினேன். கட்டத்தில் நிறைய இடம் மிச்சம்.

அவர் முகத்தில் அந்தப் பட்டியலை — வேண்டாம். எறியவில்லை. "சரிங்க சார்" என்றேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்னாத்துக்குடா சரின்னே? இன்னாத்துக்கு?

9 செப்டம்பர்

வகுப்பில் வேர் பற்றிப் பாடம். பலகையில் பெரியதாக ஒரு மல்லாட்டைச் செடி வரைந்து, பிடுங்கிப்போட்டதுபோல் அழித்தேன்.

12 செப்டம்பர், சனி

முனியம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு யாரிடம் சொல்ல? களைக்கொத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்த சாரு உங்களுது எடுத்துக்கினாருன்றீங்க. கொடிப் போர் போட்ட பக்கந்தான் மொதல்ல புள்ளி வுழுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

"அத எழுதிக்கினப்போ என் பேரு போட்டீங்களா?"

முதல் வருடமே சொன்னாள்: அறுத்த மல்லாட்டைக் கொடியை மாட்டுக்காகப் போர் போடுகிறார்களே, அந்தப் பழைய கொடியிலிருந்துதான் நோய் வருகிறது என்று. என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எண்ணிக்கை சேர்த்தது.

அவள் விடவில்லை. "இன்னொண்ணு. போர வேற பக்கம் மாத்திடலாம்னு வெள்ளையம்மா அப்பவே சொல்லிச்சி. நீங்கதான வேணாம்னீங்க, எண்றதுக்கு நோவு வேணும்னு? மூணு வருசமா நோவுக்குத் தீனி போட்டு வளக்கறீங்க. அத ஒருத்தர் ஓட்டிக்கினு பூட்டாருன்னு இப்ப அழுவுறீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

13 செப்டம்பர்

மூன்று நோட்டுகளையும் புரட்டினேன். முனியம்மாள் பெயர் இல்லை. ஓரிடத்தில் 'ஒரு வயற்பெண் கூறியபடி' என்று எழுதி, அதையும் அடித்து, 'எனது கவனிப்பில்' என்று திருத்தியிருக்கிறேன். அழகான கையெழுத்து.

சீனுவாசன் ஒரு வரிதான் எடுத்தார். அவரை நேற்றுவரை திருடன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் திட்டுகிறேன். ஆனால் இப்போது ஆள் ஒருவர் கூடிவிட்டார்.

19 செப்டம்பர், சனி

இன்று இலை எண்ணவில்லை. வெள்ளையம்மாளிடம் போய், அடுத்த அறுவடையிலிருந்து கொடியை வயல் பக்கமே வைக்க வேண்டாம், விழுந்த சருகையும் கூட்டி எரித்துவிடுங்கள் என்றேன்.

"இதத்தானே தம்பி முனியம்மா மூணு வருசமா சொல்லிக்கினு கீறா? நீங்க படிச்சவருன்னு உங்க பேச்சக் கேட்டோம்."

அவளுக்கும் "சரிங்க" என்றேன். அந்தச் சொல்லை இந்த மாதம் சரியான இடத்தில் சொன்னது இது ஒன்றுதான்.

20 ஜனவரி 1943

கைந்நூல் வந்தது. பக்கம் நாற்பத்தொன்று. 'சீனுவாசன்: நிலக்கடலை இலைப்புள்ளி நோய். சவுரிராயன்: கடற்பாசி.' அச்சில் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வருகிறது. தத்துவப் பேராசிரியரின் ஆன்மா இரண்டாவது வரியில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

11 மார்ச்

மாகாண அரசாங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். ஆஸ்பத்திரிகளில் கிருமி வளர்க்கக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பிசின் வேண்டும். இதுவரை ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பான் இப்போது அனுப்பும் மனநிலையில் இல்லை. கைந்நூலின்படி மாகாணத்தில் கடற்பாசி ஆராய்பவர் நான் ஒருவனே. இரண்டு வருடத்துக்குப் பாம்பனில் உடனே வேலை ஏற்க வேண்டும்.

சீனுவாசன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். காது சிவந்தது.

"இது என் சப்ஜெக்ட்டுய்யா! இருபது வருஷம்! அச்சுல தப்புன்னு நீங்க பதில் எழுதுங்க."

"ஒரு பொருளுக்கு ஒரு பேருன்னு தீர்மானம் சார். நீங்களும் இருந்தீங்களே?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

18 மார்ச்

மறுநாளே அரசாங்கத்துக்குப் பதில் எழுதியிருந்தேன்: எனக்குக் கடற்பாசி தெரியாது, தெரிந்தவர் சீனுவாசன். 'பதிவில் உள்ளபடி நீங்களே வரவும்' என்று இன்று தந்தி வந்தது.

விழுப்புரம் ஜங்ஷன், 25 செப்டம்பர் 1943

பத்து நாள் லீவு முடிந்து பாம்பனுக்குத் திரும்புகிறேன். ரயில் இரண்டு மணி தாமதம். காலையில் கோலியனூர் போயிருந்தேன். கொடிப் போர் இப்போது ஊர்க்கோடியில் இருக்கிறது. செடிகள் பச்சையாக நிற்கின்றன.

போன வாரம் சீனுவாசன் தம் ஆராய்ச்சிக்காக நோய்கண்ட இலைகள் சேகரிக்கத் தகரப்பெட்டியுடன் வந்தாராம். முனியம்மாள் வயல் முழுவதும் அழைத்துப்போய்க் காட்டினாளாம். வெறும் பெட்டியுடன் நாலு மணி வண்டிக்குத் திண்டிவனம் திரும்பினாராம்.