வானத்துக்குக் கவலைப்பட்டவனும் அவனைப் பார்க்கப் போனவனும்

அன்பு மகள் யின்ஹேவுக்கு அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். தபால் நிலையத்தில் உறை வாங்கப் போனபோது அந்தப் பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள், சிலி நாட்டுக்கு என்றதும் "அது எந்த மாகாணம் அத்தை?" என்று கேட்டாள், நானும் ஏதோ தினமும் போய் வருகிறவள் மாதிரி "கடலுக்கு அந்தப் பக்கம்" என்றேன். இங்கே குளிர் இறங்கிவிட்டது. பூண்டு முளைத்து விரல் நீளத்துக்கு நிற்கிறது, பாத்தியை மூடிய பிளாஸ்டிக் விரிப்பில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டேன், இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை. உன் சித்தப்பா மகனுக்குப் பெண் பார்த்து முடித்தாயிற்று, பெண் காய்ஃபெங்கில் செவிலி, முகம் சிரித்த முகம். முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய மருந்துப் பட்டியை ஒட்டிக்கொள்கிறேன், தோல் கொஞ்சம் அரிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தொலைக்காட்சியில் உங்கள் பக்கம் நிலம் ஆடியது என்று காட்டினார்கள், ஒரு கடையில் அடுக்கிய புட்டிகளெல்லாம் தரையில் கிடந்தன. உடனே உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு அது என்ன நேரம் என்று யோசிக்கவில்லை, நான் கவலைப்படுகிற நேரமெல்லாம் உனக்குத் தூங்குகிற நேரம், அதற்கு நான் என்ன செய்வேன். நல்லவேளை நீ விழித்துத்தான் இருந்தாய், யாரோடோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "அம்மா, இங்க பூமி ஆடுறது தெருவுல லாரி போற மாதிரி, யாரும் தட்டைக்கூடக் கீழ வைக்கிறதில்ல" என்றாய். பிறகு உன்னோடு இருந்தவர்களிடம் திரும்பி, "எங்கம்மா அசல் ச்சி ஊர்க்காரி, வானத்துக்கே கவலைப்படுறவங்க" என்றாய். நம் நாட்டு ஆட்கள் யாரோ இருந்தார்கள் போல, எல்லோரும் சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்துவிட்டுத்தான் வைத்தேன். ஆனால் வைத்த பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை. நீ வூஹானுக்குப் படிக்கப் போன முதல் வருஷம் உன் அறைத் தோழிகள் "உங்க ஊர்ல வானம் இன்னும் விழலியா?" என்று கேட்கிறார்கள் என்று அழுதாயே, அந்தப் பெண்ணா இது என்று தோன்றியது.

அந்த நாலு எழுத்துச் சொல்லை நாடு முழுக்கச் சொல்கிறார்கள், வீணாகக் கவலைப்படுகிறவனைக் கண்டால் ச்சிக்காரனின் வானக் கவலை என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள், எதற்காக அப்படிச் சொல்ல வந்தது என்று முழுக்கதையையும் யாரும் சொல்வதில்லை. நீயும் சின்ன வயதில் படித்ததுதான், மறந்திருப்பாய். முன்னொரு காலத்தில் நம் ஊர் தனி நாடாக இருந்தபோது ஒருவன் இருந்தான். வானம் இடிந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது, நிலம் உள்ளே போய்விட்டால் இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பயந்து பயந்து சோறு தண்ணீர் இல்லாமல் தூக்கம் இல்லாமல் கிடந்தான். எல்லோருக்கும் தெரிந்தது இதோடு சரி. ஆனால் கதையில் இன்னொருவன் வருகிறான் யின்ஹே. அவனுக்கு வானத்தைப் பற்றிக் கவலை இல்லை, இவன் இப்படிக் கவலைப்படுகிறானே என்றுதான் கவலை. அதற்காகக் கிளம்பி இவன் வீட்டுக்கு வருகிறான். வந்து உட்கார்ந்து, வானம் என்பது வெறும் காற்றப்பா, நீ நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து மூச்சு விடுவதெல்லாம் வானத்துக்குள்ளேதான், அது எப்படி விழும் என்கிறான். இவன் விடுவானா, அப்படியானால் சூரியன் சந்திரன் நட்சத்திரம் விழாதா என்கிறான். அவையும் வெளிச்சம் உள்ள காற்றுதான், விழுந்தாலும் அடிபடாது என்கிறான் வந்தவன். நிலம் உடைந்தால்? நிலம் நாலு பக்கமும் அடைத்துக் கெட்டித்த மண், தினமும் மிதித்து நடக்கிறாயே, என்றைக்காவது உள்ளே போயிருக்கிறதா? இவன் மனத்தில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் பார்த்து வந்தவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவுதான் கதை. இரண்டு பேரும் சந்தோஷமாக முடிகிற கதை எப்படிக் கேலிப் பேச்சானது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இங்கே நிஜமாகவே அப்படி ஒன்று நடந்தது, உனக்குச் சொல்லவேயில்லை. பக்கத்து வீட்டு பாங் பெரியப்பா இருக்கிறாரே, அவர் வீட்டு முற்றத்தை ஒட்டிக் கோபுரம் மாதிரி உயரமாக நிற்குமே அந்தச் செங்கல் தண்ணீர்த் தொட்டி, நீங்களெல்லாம் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே காய்ந்து கிடப்பது. ஆகஸ்ட் மழையில் அதிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து அவர் முற்றத்தில் இருந்த ஊறுகாய்ச் சாடியை உடைத்துவிட்டது. பெரியம்மா இருந்தபோது வாங்கிய சாடி அது. அன்றிலிருந்து மனிதருக்குத் தொட்டி விழுந்துவிடும் என்று பயம் பிடித்துக்கொண்டது. கிராம அலுவலகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் நியூ "பாங் அண்ணே, நம்ம ஊர்ப் பேரைக் காப்பாத்த நீங்க ஒருத்தர் போதும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார், ஆனாலும் நல்ல மனிதர், மாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார். அந்தப் பையன் ஏறித் தட்டிப் பார்த்து, மேல் வரிசையில் பூச்சு போயிருக்கிறது, சரி பண்ணிவிட்டேன், மற்றபடி இன்னும் முப்பது வருஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். பெரியப்பா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு அன்று சாயங்காலமே போர்வையைச் சுருட்டிக்கொண்டு வயலில் இருக்கும் பம்பு அறைக்குக் குடிபோய்விட்டார். ஊர் முழுக்க ஒரே சிரிப்பு. குழந்தைகள் அந்தப் பக்கம் போனால் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் காறித் துப்புகிற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பு பற்ற வைப்பேன், உன் அப்பா போன பிறகு எனக்கு அதுதான் கடிகாரம். சத்தம் நின்றதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிடுகிறாரா என்று பார்ப்போம் என்று பேட்டரி வண்டியில் தினைக் கஞ்சியும் ஆவி ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். ஆள் பாதியாகியிருந்தார். "வீட்டுக்கு வாங்கண்ணே, பொறியாளர்தான் விழாதுன்னு சொல்லிட்டாரே" என்றேன். "அவன் அதைச் சொல்லிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டான் தங்கச்சி, தொட்டிக்கு அடியில படுக்கிறது நான்தானே" என்றார். கதையில் வந்தவன் மாதிரி எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. செங்கல், சுண்ணாம்பு, அஸ்திவாரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன், அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கஞ்சியை மட்டும் குடித்தார். மறுநாளும் போனேன். நூடுல்ஸ் கடை சின் அக்கா வாசலில் நின்று "ஏன்டி ஃபெங்சியா, தொட்டி விழுந்தா ரெண்டு பேருக்கும் அந்த ஒத்தைப் பம்பு ரூம்தானா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். "இடம் பத்தலைன்னா உன் கடைக்கு வந்துடுறோம், அங்கதான் ஆளே வர்றதில்லையே" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் மனசு கசந்தது.

பிறகு விதைப்பு வந்தது. விதைப் பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரிக்க வேண்டுமே, மூட்டைகளை எங்கே வைத்து உட்காருவது என்று யோசித்தவள் எல்லாவற்றையும் அவர் முற்றத்துக்கே இழுத்துப் போனேன். தொட்டிக்கு நேர் அடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், முதல் நாள் எனக்கும் கழுத்து கூசத்தான் செய்தது, காற்று அடித்தபோதெல்லாம் மேலே பார்த்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், பெரியப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டு "பைத்தியமா உனக்கு, எழுந்திரு, அந்தண்டை வா, உம் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது!" என்று கத்தினார். நான் பூண்டு உடைத்துக்கொண்டே இருந்தேன். "வயசான பொம்பளை ஒருத்தி ஒத்தையில மூட்டை மூட்டையா உடைக்கிறா, வாசல்ல நின்னு வேடிக்கை பாருங்க" என்றேன். போய்விட்டார். மறுநாளும் வந்து வாசலில் நின்றார், கத்தவில்லை. அதற்கடுத்த நாள் வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மத்தியானம், நான் மூட்டையை நகர்த்த முடியாமல் திணறினேன், நிஜமாகவே முடியவில்லை, எழுந்து வந்து இழுத்துப் போட்டார், போட்டவர் அப்படியே என் எதிரில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உடைத்தார். மேலே பார்க்கவேயில்லை. "இவ்ளோ பொடிப் பல்லை விதைக்கப் போறியா, நீ விவசாயம் பண்ணி விளங்கினாப்லதான்" என்று திட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் வரைக்கும் திட்டினார். அன்றைக்கு அவர் வீட்டு அடுப்பிலேயே சோறு ஆயிற்று, வீட்டிலேயே படுத்தார். மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் காறித் துப்புகிற சத்தம் கேட்டது, நான் கரண்டியும் கையுமாக நின்று தனியாகச் சிரித்தேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்து "என்ன சிரிப்பு?" என்றார். அவரும் சிரித்தார். அந்தக் கதையின் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அக்டோபரில் தேசிய நாள் விடுமுறைக்கு அவர் மகன் லெய் வந்தான், உன்னைவிட இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். அப்பா வயலில் போய்ப் படுத்திருந்தார் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு "அத்தை, நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும், இனிமே இவரைத் தனியா விட எனக்குப் பயமா இருக்கு" என்றான். நல்ல பிள்ளை, கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்ல முடியும், கூட்டிப் போப்பா, அதுதான் சரி என்றேன். தெற்கே டோங்குவானில் அவன் இருக்கிற அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். பெரியப்பா வண்டியில் ஏறும்போது என்னிடம் சாவியைக் கொடுத்து, பூனைக்குச் சோறு வை என்றார். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். நவம்பரில் அந்தத் தொட்டியை இடித்தார்கள், அந்த இடத்தில் கூடைப்பந்து மைதானம் வரப் போகிறதாம். லேசில் இடிபடவில்லை, இயந்திரம் முட்டி முட்டிப் பார்த்துத் திணறியது, அவ்வளவு உறுதி. பொறியாளர் சொன்னது சரிதான். இப்போது முற்றத்தில் நின்றால் அந்தப் பக்கம் எதுவும் இல்லை, வெறும் வானம் தெரிகிறது. பூனையும் இரண்டு வாரத்தில் எங்கோ போய்விட்டது. காலையில் அடுப்பு பற்ற வைக்க எனக்கு நேரம் தெரிவதில்லை, சில நாள் பத்து மணி வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே, சோம்பல்தான்.

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வருகிற நாளன்று மத்தியானம், அன்றைக்குக் கொழுக்கட்டை சாப்பிட்டால் காது உறையாது என்று எல்லோரும் பிடிக்கிற நேரம், நானும் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், போன் அடித்தது. பெரியப்பா. "தங்கச்சி, எனக்கு மேல பதினாலு வீடு இருக்கு, அத்தனை வீட்லயும் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், அத்தனையும் என் தலைக்கு மேல" என்றார். "லெய்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "அவன் பாவம், வேலைக்குப் போய்ட்டு எட்டு மணிக்கு வர்றான், அவன்கிட்ட எதைச் சொல்ல" என்றார். மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு பேசினேன், மேலே இருக்கிறவர்களைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். கொழுக்கட்டையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நேர் மேல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், யார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் பாரம் இல்லை, மனுஷர்கள் என்று சொன்னேன். யோசித்தார். சரி, பார்க்கிறேன் என்றார். அப்புறம் திடீரென்று "அது கிடக்கட்டும், உனக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னா யார் வந்து பாக்குறா?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. "எம் பொண்ணு இருக்கா, அவ கேப்பா" என்றேன். "எங்க இருக்கா இப்ப?" "சிலியில." "அது எங்க இருக்கு?" "நமக்கு நேர் கீழ, பூமிக்கு அந்தப் பக்கம்." பிறகு "அப்பச் சரி, நேரா தோண்டினா வந்துடும்" என்றார். இருவரும் சிரித்தோம், அவருக்கு இருமல் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

கொழுக்கட்டை நிறைய ஆகிவிட்டது, கை பழைய அளவையே பிடிக்கிறது. மீதியை ஜன்னலுக்கு வெளியே உறைய வைத்திருக்கிறேன். உன்னை வா என்று இந்தக் கடிதம் எழுதவில்லை யின்ஹே, உன் வேலை உனக்கு, உன் ஊர் இப்போது அதுதான், அது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள். ஆனால் சிரித்து முடித்த பிறகு உடனே வைத்துவிடாதே, என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேள். எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல்கூட இருக்கும், இருந்தாலும் கேள். அவ கேப்பா என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த முறை அவர் கேட்கும்போதும் தயங்காமல் அதையே சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

நீ நூறு வருஷம் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், போகிற வழியெல்லாம் உன் கால் திடமாக நிற்க வேண்டும், உன் அப்பா இருந்தால் சொல்வதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வலது கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா? தள்ளிப் போடாதே, இந்த மாதமே போ.

பூண்டு வயலும் பனியுமாக,
உன் அம்மா
ஃபெங்சியா