ஐந்து அவுன்ஸ் கொடி

அனுப்புநர்:
ஆர்லிஸ் ஹால்வர்சன்,
கொடி மார்ஷல், அட்டை எண் 2207,
ஹால்வர்சன் படகு உறைத் தையலகம்,
மில் தெரு, ஹார்ன் லேக், விஸ்கான்சின்.

பெறுநர்:
உயர்திரு. தலைவர் அவர்கள்,
மேல்முறையீட்டு நடுவர் குழு,
வடகரை கார்ப் பந்தயச் சங்கம்.

பொருள்: ஆகஸ்ட் 17 ஞாயிறு, ஆல்டர் க்ரீக் பந்தயத் தடம், ஏழாம் வளைவு விபத்து – "கொடி கண்ணுக்குப் புலப்படவில்லை" என்ற முடிவை நீக்கவும், ஓட்டுநர் திரு. டிரென்ட் கெஸ்லரை செப்டம்பர் 14 பந்தயத்தில் இறங்கவிடாமல் தடுக்கவும், அவர் என்மீது கொடுத்த அடிதடிப் புகாரை ஒரு சொல் விடாமல் ஏற்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. விசாரணைக் குழுவின் உத்தரவு, ஆகஸ்ட் 22.
2. திரு. கெஸ்லர் மாவட்ட ஷெரீப் அலுவலகத்தில் கொடுத்த புகார், ஆகஸ்ட் 17.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இச்சங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக, தடத்தோரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டும் சம்பளமில்லாத கொடி மார்ஷல். வார நாட்களில் படகுகளுக்கு உறை தைக்கிறேன். திரு. ரோலி நீமன், வயது 63, சீஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பத்தொன்பது ஆண்டுகளாக ஏழாம் வளைவில் என் கூட்டாளி. இன்று அவர் மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் தைத்த கொடியே அதற்குக் காரணம் என்று பார்வை 1-இல் கண்ட உத்தரவின் நான்காவது முடிவு கூறுகிறது. அது பொய் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

2. கொடியைப் பற்றி. சங்கம் வழங்கும் கொடி மரக்கம்பில் பருத்தித் துணி. என் கடைத் தபால் தராசில் வைத்துப் பார்த்ததில் பதினான்கு அவுன்ஸ்; மழையில் நனைந்தால் இருபத்தொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ரோலியின் வலது தோள் தசை கிழிந்தது. அந்தக் கொடியை இடுப்புக்கு மேல் அவரால் தூக்க முடியவில்லை. வீட்டில் உட்காரச் சொன்னார் மருத்துவர். ரோலி உட்காரும் ஆள் இல்லை. ஆகவே நான் தைத்தேன். துணி பாராசூட் துணி, கண்ணைக் குத்தும் மஞ்சள். கம்பு, ரோலியின் பழைய தூண்டில் கம்பின் அடிப்பாகம், உள்ளே வெற்றிடம். துணி நழுவாதபடி, கம்பு நுழையும் துணியுறையின் மேல்வாயை மூடித் தைத்தேன். காற்றில் கம்பைச் சுற்றிக்கொள்ளாதபடி கீழ் விளிம்புக்குள் தடித்த தூண்டில் நரம்பு வைத்தேன். மொத்தம் ஐந்து அவுன்ஸ். விதிப்புத்தகம் நிறத்தையும் அளவையும் மட்டுமே சொல்கிறது. என் கொடி அந்த அளவைவிட இரண்டு அங்குலம் பெரியது. முதல் நாள் அதை ஆட்டிப் பார்த்த ரோலி, "கையில ஒண்ணும் இருக்கிற மாதிரியே இல்லையே ஆர்லிஸ். வெறுங்கைய வீசி எவனையோ திட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றார். அதன்பிறகு மற்ற வளைவுகளில் நிற்பவர்களும் கேட்டு, இன்று என் கொடிகள் நாற்பதுக்கு மேல் தடத்தில் ஆடுகின்றன. மூன்று ஆண்டுகளில் ஒரு ஓட்டுநரும் கொடி தெரியவில்லை என்று சொன்னதில்லை. குழு எழுதியிருப்பது: "வீட்டில் தைத்த, எடை குறைந்த கொடியாகையால் கண்ணுக்குப் புலப்படவில்லை." எடை குறைந்தால் எப்படி ஐயா கண்ணுக்குத் தெரியாமல் போகும்? கண் என்ன தராசா?

3. நாங்கள் நிற்கும் முறை தாங்கள் அறியாததல்ல. குழு அதை மறந்துவிட்டதால் எழுதுகிறேன். மஞ்சள் கொடி பிடிப்பவர் விபத்து நடந்த பக்கம் பார்த்து நிற்பார். வரும் கார்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் கூட்டாளியின் வேலை அந்த முதுகைக் காப்பது. என் இடது கை ரோலியின் இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்கும். கார் ஏதாவது எங்கள் பக்கம் திரும்பினால், ஒரு குரல் கொடுத்து, பட்டையோடு அவரை இழுத்து விழவேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு முறை அப்படி இழுத்து விழுந்திருக்கிறோம். ஒருமுறை அவர் என்மேல் விழுந்து என் விலா எலும்பு ஒடிந்தது. அதற்கு நான் புகார் செய்யவில்லை.

4. ஆகஸ்ட் 17, பிற்பகல் 2.40, ஐந்தாவது பந்தயம். கெல்சி ப்ராம்ஸ்டட் என்ற பெண் ஓட்டிய கார் ஏழாம் வளைவைத் தாண்டி மூன்று முறை உருண்டு, தலைகீழாகத் தடத்தின் நடுவில் கிடந்தது. அவர் இருக்கைப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தார். பெட்ரோல் சொட்டியது. எங்கள் ஆட்கள் இருவர் பட்டையை அறுத்து அவரை வெளியே எடுக்க ஓடினார்கள். ரோலி மஞ்சள் கொடியை ஆட்டினார்: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. பதினெட்டாம் எண் கார் பார்த்தது, வேகத்தைக் குறைத்தது. அதன் பின்னால் வந்தவர் திரு. கெஸ்லர். அவர் குறைக்கவில்லை. பதினெட்டாம் எண்ணை முந்துவதற்கு வலப்பக்கப் புல்லில் இரண்டு சக்கரங்களை இறக்கினார். கார் பக்கவாட்டில் திரும்பியது. புல்லைக் கிழித்துக்கொண்டு, எங்கள் முழங்கால் உயரத் தடுப்பை நோக்கி வந்தது. பதினெட்டாம் எண் ஓட்டுநர் தமக்குக் கொடி நன்றாகத் தெரிந்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். ஒருவர் பார்த்ததால் இன்னொருவரும் பார்த்திருப்பார் என்று கொள்ள முடியாது என்று குழு அதைத் தள்ளிவிட்டது.

5. இந்தப் பத்தியில் உள்ளதை விசாரணையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் குரல் கொடுத்தேன். ரோலி திடுக்கிட்டுத் திரும்பியதில் தோள் சுண்டி இழுத்து, விரல்கள் விட்டுவிட்டன. சங்கத்தின் மரக்கம்புக் கொடியாக இருந்தால் அவர் காலடியில் விழுந்திருக்கும். என் கொடி காற்றில் ஏறித் தடத்தின் பக்கம் போனது. கொடி தடத்தில் விழக்கூடாது; அது நாங்கள் முதல் நாளே கற்கும் பாடம். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். என் இடது கை ரோலியின் பட்டையை விட்டுவிட்டுக் கொடியைப் பிடித்தது. பிடித்துவிட்டேன். அடுத்த கணம் கார் தடுப்பின்மேல் ஏறியது. கொடியின் எடையால் கெடுதி விளைந்தது என்றால் அது இந்த ஒன்றுதான். அதற்குப் பொறுப்பு துணியல்ல, நான்.

6. காரின் மூக்கு தடுப்பின் இரும்பை வளைத்து, ரோலியின் காலை அதற்குள் மடக்கிப் பிடித்தது. எலும்பு ஒடிந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. காரைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அதுவரை என் இடுப்புப் பட்டையை அவர் தொடையில் இறுக்கி, கம்பி ஒன்றைச் செருகி முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரத்தம் என் கைகளின் வழியாக முழங்கை வரை வழிந்தது. ரோலி என் தோளைக் கடித்தார். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. திரு. கெஸ்லர் தம் காரிலிருந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, முன்சக்கரம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. இதைப் பார்த்தவர்கள் எட்டுப் பேர்.

7. ரோலியை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் போனபின் மாலை 5 மணிக்கு, கார்கள் நிறுத்துமிடத்தில் திரு. கெஸ்லரின் வண்டியருகே நான் போனேன். தடுப்பருகே கிடந்த கொடியை எடுத்தது முதல் அது என் கையிலேயே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. அவர் பீர் குடித்துக்கொண்டு நண்பர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா, தையல்காரி. கிழவன் கையில கைக்குட்டையக் குடுத்து நிக்க வெச்சது நீதானே? கால் போனதுக்கு என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்?" என்றார். நான் கம்பைத் திருப்பிப் பிடித்து, தூண்டில் சுருள் மாட்டும் இரும்பு வளையம் உள்ள பக்கத்தால் அடித்தேன். முதல் அடி காதில். இரண்டாவது மூக்கில்; அது உடைந்தது. மூன்றாவது அடியில் கம்பு பிளந்தது. பிளந்த கம்பாலும் அடித்தேன். ஐந்து அவுன்ஸ் குச்சியால் மூக்கை உடைக்க முடியுமா என்று புகாரை விசாரித்த துணை ஷெரீப் வியந்தார். முடியும். திரு. கெஸ்லர் தம் புகாரில் ஒன்றை விட்டுவிட்டார்: கீழே விழுந்தபின் அவரை இரண்டு முறை உதைத்தேன். நான்கு பேர் சேர்ந்து இழுத்திராவிட்டால் நிறுத்தியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. இதற்காக வருத்தம் தெரிவிக்கும்படி என் வழக்கறிஞர் சொன்னார். வராத வருத்தத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

8. இனி முக்கியமான விஷயம். அன்றைய தினமே திரு. கெஸ்லர் இரண்டு வாக்குமூலங்கள் கொடுத்திருக்கிறார். மாலை 4 மணிக்குச் சங்கத்திடம் கொடுத்ததில், கொடி மெல்லிய துணி, சிறியது, தாம் எதையும் பார்க்கவே இல்லை என்கிறார். இரவு 8 மணிக்கு, மூக்கில் பஞ்சோடு, ஷெரீப் அலுவலகத்தில் கொடுத்ததில், என்னை ஆயுதத்தால் தாக்கியவளாகக் காட்டவேண்டிய அவசரத்தில், பின்வருமாறு கையெழுத்திட்டிருக்கிறார்:

"அவள் என்னை அடித்தது சாதாரணக் குச்சி அல்ல. நான்கு அடி நீளம், பெரிய மஞ்சள் துணி. நான் ஆறாம் வளைவை விட்டு வெளியே வரும்போதே அந்தக் கிழவன் அதைத் தலைக்குமேல் சுழற்றுவதைப் பார்த்தேன். அது எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும்."

ஆறாம் வளைவிலிருந்து ஏழாம் வளைவு அறுநூறு அடி, ஐயா. பார்த்துவிட்டுத்தான் முந்தியிருக்கிறார். கைக்குட்டையாக இருந்தது நான்கு மணி நேரத்தில் நான்கு அடி ஆயுதமாக வளர்ந்துவிட்டது. விபத்து வேறு, அடிதடி வேறு என்று விசாரணைக் குழு இரண்டு காகிதங்களையும் இரண்டு கோப்புகளில் போட்டு மூடிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர் ஒருவரும் இல்லை.

9. நான் மேல்முறையீடு செய்யாவிட்டால் அடிதடிப் புகாரைத் திரும்பப் பெறுவதாக திரு. கெஸ்லர் தரப்பு நேற்று சொல்லி அனுப்பியது. என் வழக்கறிஞர், "ஒத்துக்கோங்க ஆர்லிஸ். ஜெயிலும் இல்ல, வழக்கும் இல்ல. இதவிட என்ன வேணும்?" என்றார். அந்தப் புகார் திரும்பப் பெறப்பட்டால் அதில் உள்ள அந்த நான்கு வரியும் போய்விடும். செப்டம்பர் 14 அன்று திரு. கெஸ்லர் ஏழாம் வளைவுக்கு வருவார், அங்கே வேறு யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே மறுத்துவிட்டேன்.

10. விபத்து நடந்த மூன்றாம் நாள் ரோலி கண் விழித்தார். காலைப் பற்றிக் கேட்கவில்லை. "கொடி தடத்துல விழுந்துச்சா?" என்று கேட்டார். இல்லை, பிடித்துவிட்டேன் என்றேன். "பின்ன என்ன. கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். எதை விட்டுவிட்டுப் பிடித்தேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

11. எனவே, தாங்கள் தயவுகூர்ந்து,

அ) பார்வை 2-இல் கண்ட புகாரை, அது திரும்பப் பெறப்படுவதற்கு முன், இந்த மேல்முறையீட்டின் சான்றாக இன்றே பதிவு செய்யுமாறும்;

ஆ) நான்காவது முடிவை நீக்கி, ரோலி நீமன் கொடியைச் சரியாகக் காட்டினார், ஓட்டுநர் அதைப் பார்த்தார் என்று எழுதுமாறும்;

இ) திரு. கெஸ்லரின் பந்தய உரிமத்தை ரத்து செய்யுமாறும்;

ஈ) என் ஐந்தாம், ஏழாம் பத்திகளை என் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு, எனக்குரிய தண்டனையைக் குறைக்காமல் வழங்குமாறும்

கேட்டுக்கொள்கிறேன். என் மார்ஷல் அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதைத் திருப்பித் தரவேண்டாம். திரு. கெஸ்லரின் மூக்குக்கு நான் சிறைக்குப் போகத் தயார். ரோலியின் காலுக்கு அவர் பந்தயத்தை விட்டு வீட்டுக்காவது போகட்டும்.

விசாரணைக்கு அழைப்பை எதிர்பார்த்து,

(ஒப்பம்) ஆர்லிஸ் ஹால்வர்சன்

இடம்: ஹார்ன் லேக்
நாள்: 26 ஆகஸ்ட்

இணைப்பு: 1. உத்தரவின் நகல். 2. ஷெரீப் அலுவலகப் புகாரின் நகல். 3. மார்ஷல் அட்டை எண் 2207. 4. பிளந்த கம்புடன் மஞ்சள் கொடி ஒன்று (இரத்தம் இரண்டு பேருடையது, துவைக்கவில்லை).

நகல்: திரு. ரோலி நீமன், அறை எண் 412, மாவட்ட மருத்துவமனை. (கையெழுத்தில்: ரோலி, அஞ்சாவது பத்தியப் படி. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல.)