மூணுகல் குறி

சோளக்காடு அஞ்சல்,
கொல்லிமலை.
18-2-2025

பெங்களூரில் கம்பெனி நடத்தும் திருவாளர் அ. மணிவண்ணன் அவர்களுக்கு,

உன் வக்கீல் நோட்டீஸில் என்னை எதிர்த்தரப்பினர் என்று குறிப்பிட்டிருந்தது. அதைப் படித்த பிறகு அன்புள்ள தம்பிக்கு என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நலம் கேட்காமல் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அதனால் கேட்கிறேன்: நலமா? போனில் பேசியிருக்கலாமே என்பாய். நான்கு தடவை அழைத்தேன். ஒரு தடவைதான் எடுத்தாய், அதையும் பாதியில் வைத்துவிட்டாய். கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம்.

நோட்டீஸ் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. களத்தில் முதல் பறிப்பு மிளகைத் துழாவிக்கொண்டிருந்தோம். பெங்களூரிலிருந்து தம்பி என்னமோ அனுப்பியிருக்குதுங்க என்று தபால்காரர் சிரித்தபடி நீட்டினார். துணியாகத்தான் இருக்கும் என்று அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிரித்துப் பார்த்தால், மூணுகல் என்ற பெயரும் மூன்று புள்ளி அடையாளமும் உன்னுடையவையாம். அந்தப் பெயரில் நான் மழைமணி செய்து விற்பதைப் பதினைந்து நாளில் நிறுத்த வேண்டுமாம். செய்து வைத்திருப்பதையும் அழித்துவிட வேண்டுமாம். என்ன எழுதியிருக்கிறான் என்று அம்மா கேட்டாள். பொங்கலுக்கு வர முடியாதாம் என்று சொல்லிவைத்தேன்.

மழைமணி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். உன் வக்கீலுக்குத் தெரியாதுபோல, அவருக்காக எழுதுகிறேன். காய்கிற மிளகில் மழை விழுந்தால் ஐந்து நாள் பாடு பூஞ்சணம் பிடித்துப்போகும். இந்த மலையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. களத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு. அதில் முதல் துளி பட்டதும் மேல்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி மணி அடிக்கும். பாலிடெக்னிக்கில் படித்த எலெக்ட்ரானிக்ஸ் இதற்காவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் செய்த மூன்றும் ஊமை. நான்காவது பட்ட வெயிலில் கத்தியது. கோழிக்கு வேர்த்தாலும் அடிக்குமாட்டம் இருக்குது என்று அப்பா கேலி செய்தார். ஐந்தாவதுதான் தேறியது. அதன் மூடியில் அப்பாவே மூட்டைக்குப் போடும் மையைத் தொட்டு மூன்று புள்ளி வைத்தார். அது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால்.

நான் செய்த தவறு எங்கே என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்த்தேன். நம் பக்கத்தில் லாரியில் பத்து ஊட்டு மூட்டை ஒன்றாக ஏறும். சேந்தமங்கலத்தில் இறக்குகிறவன் சாக்கில் இருக்கும் குறியைப் பார்த்துத்தான் பிரித்து வைப்பான். பெரிய ஊட்டுக்குப் பிறை, கீழூட்டுக்குக் கோடாரி, நமக்கு மூன்று கல். ஒரு ஊட்டுக் குறியை இன்னொருவர் போட்டார் என்று நான் பிறந்து வளர்ந்த நாளில் கேட்டதில்லை. ஊரே அறிந்த குறிக்குப் பதிவு எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன். நாமக்கல் வக்கீல் தாமரைச்செல்வி அம்மாவிடம் இதைச் சொன்னபோது, மலைக்குத் தெரிஞ்சா போதாதுங்க, அரசாங்கப் புத்தகத்துக்குத் தெரியோணும் என்றார்.

அப்படியும் முழு முட்டாளாக நான் இல்லை. போன வருடம் சேலத்துக் கடைக்காரர் ஒருவர் மழைமணியை விற்கக் கேட்டபோது, பெயரைப் பதிந்துவிடலாமா என்று உன்னைத்தான் கேட்டேன். லேபிளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ ஏன் அக்கா அலையற, நான் பாத்துக்கறேன் என்றாய். பார்த்துக்கொண்டாய். நன்றாகவே பார்த்துக்கொண்டாய்.

தாமரைச்செல்வி அம்மா கம்ப்யூட்டரில் உன் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். மின்னணுப் பொருட்களுக்கான ஒன்பதாம் வகுப்பில் போட்டிருக்கிறாய். சார்ஜர், ஹெட்போன், ஸ்பீக்கர், பவர்பேங்க் என்று ஒரு பக்கம் நீள்கிறது. நடுவில் 'மழை எச்சரிக்கைக் கருவி' என்றும் ஒன்று. அதைக்கூட விட்டுவைக்க மனம் வரவில்லை உனக்கு. சரி, அதையும் தாங்கிக்கொண்டேன். இந்தப் பெயர் எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது பார், அதற்கு நீ கொடுத்திருக்கும் பதிலைத்தான் தாங்க முடியவில்லை. இதுவரை பயன்படுத்தவில்லை, இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று கொடுத்திருக்கிறாய். என் விரலில் சால்டரிங் சுட்ட தழும்பு ஏழு இருக்கிறது மணி. அது எந்தப் பயன்பாட்டில் வந்தது? நீ சாமான் வாங்கக் கொடுத்த பணத்தை மறுக்கிறேனா, லீவுக்கு வந்தபோது தகரத்தை வெட்டிக் கொடுத்ததை மறுக்கிறேனா? உன் பங்கை நான் சொல்கிறேன். என்னை மட்டும் நீ இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

முதலில் அப்பாவுக்கு இது பெரிதாகப் படவில்லை. பையன் பேர்ல இருந்தா என்ன, குறி ஊட்டுக்குள்ளதான இருக்குது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விண்ணப்பத்தில் நீ கொடுத்த அந்தப் பதிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொருக்கா படி என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நீ விற்கும் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ மூட்டையாக வாங்கி, மூன்று புள்ளி ஒட்டி, சேந்தமங்கலம் கடைவரைக்கும் அனுப்பியிருக்கிறாய். பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து வேறு. பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவதே குற்றம் என்கிறார் வக்கீலம்மா. கீழ்வளவு சென்னம்மாள் உன் சார்ஜர் ஒன்றை வாங்கியிருக்கிறாள். இரண்டாம் நாள் புகைந்து செல்போனையும் கெடுத்துவிட்டது. அதை நேராக என்னிடம் கொண்டுவந்து போட்டாள். மூணுகல்லுனு நம்பி வாங்குனேன் கண்ணு, நீ இப்படிச் செய்வியா என்று கேட்டாள். என்னுடையது இல்லை என்றேன். குறி உன்னுதுதான என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

உன் விண்ணப்பம் அரசாங்கப் புத்தகத்தில் வெளிவந்த நாளிலிருந்து எதிர்ப்பு மனு போட நான்கு மாதம் தவணை. அது இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. மூன்று வருடமாக விற்றதற்கு பில் இருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டார். பில்லா? சந்தையில் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம், அறுப்பு முடிந்ததும் மிளகாகவோ சாமையாகவோ கொண்டுவந்தார்கள். யார் பில் போட்டது? ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாங்கியவர் பெயரையும் மாதத்தையும் அப்பா எழுதிவைத்திருந்தார், பழுதுக்கு வந்தால் மாறிப்போகாமல் இருக்க. அம்மாவும் நானும் ஒன்பது நாள் குண்டனி நாட்டு ஊர்கள் முழுக்க ஊடு ஊடாக ஏறி இறங்கி, பெட்டிகளைத் திறந்து படம் பிடித்தோம், வாக்குமூலம் வாங்கினோம். நாற்பத்தொரு பேர் கொடுத்தார்கள். அப்பாசாமி மாமா மட்டும், ஒரே ஊட்டுப் பிள்ளைங்க சண்டையில நான் கைநாட்டு வைக்கமாட்டேன் சாமி என்று சொல்லிவிட்டார். அவர்மேல் கோபமில்லை. அவர் சொன்னதைக் கேட்டு அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அதற்குத்தான் உன்மேல் கோபம்.

போனை வைப்பதற்கு முன் நீ சொன்னதையும் மறக்கவில்லை. குறி ஆம்பள வழிக்குத்தான் போகும், நீ நாளைக்குக் கல்யாணம் கட்டிப் போறப்ப அதையும் தூக்கிட்டுப் போவியா என்றாய். எந்த ஊரில் கேட்ட நியாயம் அது? நம் பக்கத்தில் யார் மூட்டை கட்டுகிறார்களோ அவர்கள்தான் குறி போடுவார்கள். நீ மூட்டை கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மலை வழக்கத்தை எனக்குப் பாடம் நடத்தாதே. உனக்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா? நீ கேட்டிருந்தால் நானே நாலு பெயர் யோசித்துத் தந்திருப்பேன்.

நேற்று சேந்தமங்கலத்தில் என் வாக்குமூலத்தை டைப் அடிக்கக் கொடுத்தேன். வரவேண்டாம் என்று சொல்லியும் அப்பா பஸ் ஏறி வந்து, கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டைப் அடிக்கிறவர் என் பெயரை அடித்து, தகப்பனார் பெயர் அர்த்தனாரி என்று அடித்தார். கீழே உன் பெயரை அடித்தார். அங்கேயும் தகப்பனார் பெயர் அர்த்தனாரி. கையை நிறுத்திவிட்டுத் திரும்பி, ஏனுங்க, ரெண்டு பேருக்கும் அப்பா ஒரே ஆளுங்களா என்று கேட்டார். அப்பாதான் பெஞ்சிலிருந்து சொன்னார். இல்லீங்க, அது வேற அர்த்தனாரி என்றார்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பி வந்ததும் அவர் நேராகக் களத்துக்குப் போய் மிளகைத் துழாவத் தொடங்கினார். அப்பா வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருபத்தாறாம் தேதி மனுவைப் போட்டுவிடுவோம் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அதற்குள் நீயே உன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடு. வாங்காவிட்டாலும் நான் போடத்தான் போவேன், ஜெயிக்கவும் செய்வேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அப்பா சொன்னது பொய்யாகவே இருக்கட்டும் சாமி. அதை மெய்யாக்கிவிடாதே.

நன்றாக இரு.

உன் அக்கா,
பானுமதி